பள்ளி வேன் கல்யாணத்துக்கு வராது

தம்பி,

நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது. உடம்பில் தெம்பு இல்லாதவன் நேற்று நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அப்படி எழுதியிருக்க முடியாது. "எங்கம்மாவுக்கு மகனைவிட வேன் பெரிசா போச்சு. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஈப்போவுக்கு நடந்து வந்துருங்க லா" என்று எழுதி, கீழே சிரிக்கிற முகங்களை வரிசையாக வைத்திருக்கிறாய். அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் யார் யார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு இந்த லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் போய் ஒரு துண்டு புளிகூடக் கேட்க முடியாது. நான் போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டாய் அல்லவா, நானும் ஊரைக் கூட்டி வைத்தே பதில் சொல்கிறேன். எழுதி முடித்ததும் இதை அதே குழுவில்தான் போடப் போகிறேன். நீளமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

குழுவில் வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு அவர்கள் எனக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். நீ கோலாலம்பூரில் கணக்கு வேலை பார்க்கிறாய். வரும் ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கீழே ஈப்போவில் உனக்குக் கல்யாணம். நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களை அங்கே அழைத்து வர, அரசாங்க மானியத்தில் வாங்கிய பள்ளி வேனை அனுப்பச் சொல்கிறாய். அந்த வேனுக்குப் பொறுப்பான பெற்றோர் சங்கத்துக்கு நான் தலைவி. முடியாது என்று சொல்லிவிட்டேன். சண்டை இவ்வளவுதான். வேனை ஓட்டுவது உன் அப்பா என்பதால் அவரிடம் தனியாகப் பேசி, "சாவிய மட்டும் எடுத்துட்டு வந்துருங்கப்பா" என்று கேட்டிருக்கிறாய். அவர் உன்னிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, என்னிடமும் வந்து சரி என்று தலையாட்டினார். எனக்குத் தாலி கட்டிய நாளிலிருந்து அவர் இப்படித்தான். அதனால் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது.

அந்த வேன் எப்படி வந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. மேல் லயத்துப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், மூன்று பேராக ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். பனி இறங்கினால் முன்னால் வரும் காய்கறி லோரியின் விளக்குகூடத் தெரியாது. ஒருநாள் வளைவில் மோட்டார் சறுக்கி ஒரு பெண் பிள்ளைக்குக் கை ஒடிந்தது. அதற்குப் பிறகுதான் பெண்கள் நாங்கள் கூடி இந்தச் சங்கத்தை ஆரம்பித்தோம். உன்னைக் கூப்பிட்டேன். நீ ஒரு வார இறுதி முழுக்க சமையலறை மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை மலாயில் எழுதினாய். எவ்வளவு அழகாக எழுதினாய்! வாசித்துக் காட்டி அர்த்தம் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வாகனம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்படுத்தப்படும் என்று ஒரு வரி வந்தது. எதற்குப்பா இவ்வளவு கறாராக எழுதுகிறாய் என்று கேட்டேன். "அப்படிப் போட்டாதாம்மா குடுப்பாங்க" என்றாய். கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த வரிக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு, எழுதிய நீயே சுவர் ஏறிக் குதிக்கப் பார்க்கிறாய்.

கொடுத்த நாளில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். கட்சித் தலைவர் ஒருவர் வந்தார். கதவைவிடப் பெரிய அட்டைக் காசோலை ஒன்றை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். மாலை, பொன்னாடை, படம். அந்த அட்டையை எந்த வங்கியில் வாங்குவார்கள் என்று நம் ஆட்களில் ஒருவர் என்னிடம் உண்மையாகவே கேட்டார். அது இப்போது நம் கோழிக்கூண்டுக்கு மழைத் தடுப்பாக இருக்கிறது. பிறகு வேன் வந்தது. கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். வீட்டுக்கு ஒரு தேங்காய் என்று எல்லாரும் கொண்டுவந்து உடைத்தார்கள். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அன்றைக்குத் தேங்காய் உடைத்தவர்கள் எல்லாரும் அந்த நிமிடத்திலிருந்து தங்களை வேனின் பங்குதாரர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். காற்பந்துக் குழுவை கோலா தெர்லாவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். தைப்பூசத்துக்குக் காவடியை ஏற்றச் சொன்னார்கள். ஒருவர் தன் புது ஃப்ரிட்ஜை டவுனிலிருந்து கொண்டுவரக் கேட்டார். எல்லாருக்கும் முடியாது என்றேன். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைச் சொல்கிற மாதிரி எனக்கு 'வேன் கிராணி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. இங்கே லயத்துச் சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கிறது.

"கிராண்ட்னா சும்மா வந்த டுவிட், ஓசிக் காசு லா மா, யாரு கேக்கப் போறா" என்று நீ எனக்கு எழுதியிருக்கிறாய். படித்த பிள்ளை எழுதுகிற எழுத்தா இது? மானியம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். திருப்பிக் கட்ட வேண்டாம், வட்டி கிடையாது, ஆனால் எதற்கென்று கேட்டு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான், அதைச் செய்து காட்ட வேண்டும் என்று அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து சொன்னாய். இப்போது முதல் பாதி மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு யாராவது குக்கர் கொடுத்தால் அது அன்பளிப்பு. அதில் நீ சோறு ஆக்கினாயா, அலமாரி மேல் போட்டாயா என்று பார்க்க அவர்கள் வர மாட்டார்கள். கார் வாங்கக் கடன் கொடுத்த வங்கிக்கு மாதா மாதம் தவணை போய்ச் சேர்ந்தால் போதும், நீ எந்த ஊருக்கு ஓட்டினால் அதற்கு என்ன? மானியம் கொடுத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளைகள் நனையாமல், விழாமல் பள்ளிக்கூடம் போய் வர வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள். அதையும் கொடுக்க மாட்டோம் என்றால் நாம் என்ன மனிதர்கள்?

கொடுத்தவர்கள் என்றுதான் சொல்கிறேன். தலைவர் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து கொடுத்தார் என்று நம் ஆட்கள் இன்னும் நம்புகிறார்கள், அதனால்தான் தீபாவளிக்கு அவருக்கு முறுக்கு டின் போகிறது. அது அவர் பணம் இல்லை. கோலா தெர்லாவில் கோஸ் ஏற்றுகிற லோரிக்காரர், பிரிஞ்சாங்கில் விடியற்காலையில் எழுந்து ரொட்டி போடுகிற கடைக்கார பாய், திரிங்காப்பில் பூ வளர்க்கிறவர்கள், யாராரோ ஏதேதோ வாங்கும்போது கட்டிய வரி. மலைமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு என்றால் அவர்கள் பங்கு போகட்டும். என் மகன் கல்யாணத்துக்கு அவர்கள் எதற்கு வண்டி விட வேண்டும்? அவர்களுக்கு நீ பத்திரிகைகூட வைக்கவில்லை.

உன் கண்ணாடிக் கதையை உனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், கேள். ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது உனக்குக் கரும்பலகை தெரியவில்லை. கோயில் கல்வி நிதியிலிருந்து மூக்குக்கண்ணாடி வாங்கப் பணம் கொடுத்தார்கள். நான் கொழுந்து எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து உன் அப்பா அந்தப் பணத்தில் மோட்டாருக்கு டயர் மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால், "அந்த மோட்டார்லதானே அவன் ஸ்கூலுக்குப் போறான், ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. புது டயரில் ஏறிப் போய், முன் வரிசையில் உட்கார்ந்தும் எழுத்து தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொங்கல் வரைக்கும் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினாய். ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தை வேறு பக்கம் திருப்பும்போது நமக்குக் காரணம் எப்போதும் நல்லதாகவேதான் கிடைக்கும். டயரும் தேவை, கல்யாணமும் நல்ல காரியம். உன் அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவர் இன்றைக்கும் தலையாட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மாதானே நிற்கிறது, பயன்படுத்தாமல் நிறுத்தி வைப்பதுதான் பொருளாதாரத்தில் பெரிய வீண் என்று பாடம் எடுத்தாய். எனக்குத் தெரியாதா? தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் அதை வாரா வாரம் பார்க்கிறவள் நான். வேன் வாங்கப் பணம் கொடுத்தார்கள், பெட்ரோலுக்குக் கொடுக்கவில்லை. ஓட்டும் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அதே விண்ணப்பத்தில் நீ அழகாக எழுதி எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். அந்தப் பெட்ரோலுக்காகத்தான் சனி, ஞாயிறு வந்தால் நாங்கள் கியா பார்ம் சந்தையில் கடை போட்டு, ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்களுக்கு வடை சுட்டு விற்கிறோம். என் கையில் எண்ணெய் தெறிக்காத இடம் இல்லை. வேன் கொடுக்கிறவர்களுக்கு அது தண்ணீர் குடித்து ஓடாது என்று தெரியாதா என்று அந்த அலுவலகத்தில் போய்க் கத்திவிட்டும் வந்தேன். இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டுக்குப் பெட்ரோலுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் ஒரு மானியம் தருவதாகச் சொல்கிறார்கள். வேன் பிள்ளைகளுக்காக மட்டும்தான் ஓடியது என்று திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேன் நின்றுவிடும், பிள்ளைகள் மறுபடியும் மோட்டாருக்குத்தான் போவார்கள். வடையை நம்பி இன்னும் ஒரு வருடம் ஓட்ட முடியாது.

இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். அதற்கு நீ சொன்ன பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம ஓடுனத எழுதாம விட்டா போச்சு லா மா. சைன் பண்ணிக் குடுங்க, எவன் வந்து பாக்கப் போறான்?" கம்பெனிகளின் கணக்கில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதற்குத்தான் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த நீ, பெற்ற தாயிடம் பொய்க்குக் கையெழுத்துப் போடு என்கிறாய். வேன் கேட்டது எனக்குக் கோபம். இது கோபம் இல்லை. அதைக் கேட்டதும் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டேன்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் ஏன் இப்படி இறுகிப் போய் நிற்கிறேன் என்று நீ ஒருமுறையாவது யோசித்தாயா? நம் வரிசையில் கடைசி வீட்டு மாரிமுத்து மாமாவை நினைத்துப் பார். கொழுந்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். உன்னைப் பெற எனக்கு வலி எடுத்தபோது யாரிடமும் கேட்காமல், ஏற்றிய கொழுந்தைப் பாதி வழியில் இறக்கிப் போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அதற்காக மறுநாள் கிராணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்போது அவருக்கு இருதயக் கோளாறு. மாதம் ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேன் வந்த புதிதில் அவர் மனைவி செல்லம்மாக்கா என்னிடம் வந்து, அவரை அதில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். நான் முடியாது என்றேன். உன் வரியைத்தான் சொன்னேன். அவசரம் என்றால், உயிருக்கு ஆபத்து என்றால், யார் என்ன சொன்னாலும் நானே எடுத்துப் போவேன். மாதா மாதம் என்றால் அது வேறு. அவருக்கு ஆரம்பித்தால் லயத்தில் இன்னும் எத்தனை நோயாளிகள்? அலுவலகத்துக்கு எனக்குத் தெரிந்த மலாயில் எழுதி அனுமதி கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். அதற்கும் இல்லை.

அவர் காய்கறி லோரியில் போகிறார் தம்பி. உனக்குத் தெரியாது. லோரிக்காரருக்கு இரக்கம் அதிகம், முன்னால் உட்கார வைத்துக்கொள்கிறார். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, இந்த வயதில் மனிதர் போய் வருகிறார். அந்த லோரி நம் தார்ப்பாய் போட்ட வேனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் என்னைப் பார்த்தால் கையைக் காட்டிச் சிரிப்பார். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு முடியாது என்று சொன்ன வாயால் உனக்குச் சரி என்று சொன்னால், நான் காத்தது மானியத்தையும் இல்லை, பிள்ளைகளையும் இல்லை, என் வீட்டுக்கு வேண்டிய வரைக்கும் பூட்டி வைத்திருந்தேன் என்றுதான் ஆகும்.

நீ குழுவில் எழுதியதைப் பார்த்துவிட்டு நேற்று செல்லம்மாக்கா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "குடுத்துரு லா. கல்யாண வீட்டுல மவன்கூட என்னாத்துக்கு சண்ட? ஆளுங்க வேன்ல போவட்டும். நாங்க ரெண்டு பேரும் லோரியில வந்துக்கிறோம், அவருக்கு அது பழகிப் போச்சு" என்றாள். அவள் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். நம் வீட்டு நல்ல காரியம் கெட்டுவிடக் கூடாது என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அழுதேன். உன் அப்பா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார், அதில் சீனி போட மறந்துவிட்டார்.

குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். மண்டபச் செலவுக்கென்று உன் மாமனார் கொடுத்ததில் மிச்சம் பிடித்துக் காருக்கு முன்பணம் கட்டலாம் என்று போன மாதம் சொல்லிக்கொண்டிருந்தாய். கட்டலாம், அவரிடம் நேரே போய்க் கேட்டுவிட்டுக் கட்டு. அவர் சரி என்றும் சொல்லக்கூடும். கேட்காமல் செய்துவிட்டு, உன் மனைவிக்கு அது வேறு யார் வாயிலாவது தெரியவந்தால், அவள் உன்னிடம் எதையும் நம்பிக் கொடுக்க யோசிப்பாள். நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இருட்டில் மாற்றிக்கொள்வதுதான் வெட்கம். கல்யாணம் முடிந்த கையோடு எனக்குப் புடவை எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டும் என்று அந்த அலுவலகத்துக்கு நீ ஒரு கடிதம் எழுது. என் மலாய் அவர்களை அசைக்கவில்லை. வேன் வாங்க எழுதினாயே, அதே மாதிரி அழகாக எழுது. பதில் வரும்வரை விடாமல் எழுது.

நம் ஆட்கள் நடந்து வரப் போவதில்லை. பேருந்துக்குச் சொல்லிவிட்டேன். செலவுக்கு நீ முழிக்க வேண்டாம். உன் மேடை அலங்காரக்காரரை நானே கூப்பிட்டு, பூவைப் பாதியாகக் குறைத்து, மிச்சமாகும் பணத்தை நேரே பேருந்துக்காரருக்கு அனுப்பிவிடச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று கோபப்படுவாய் என்றுதான் இப்போதே கேட்கிறேன்: சரி என்று இரண்டு எழுத்து எழுதி அனுப்பு, இல்லை என்றால் இன்றைக்கே அலங்காரக்காரரிடம் மாற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே திரிங்காப்பில் பூத்த பூவை அங்கே இரட்டை விலைக்கு வாங்கி மேடையைப் புதைக்காவிட்டாலும் உனக்குக் கல்யாணம் நடக்கும்.

பேருந்தில் முன் இருக்கை இரண்டும் மாரிமுத்து மாமாவுக்கும் அத்தைக்கும். மண்டபத்துக்கு வந்து நின்றதும், நீ எந்தச் சடங்கில் உட்கார்ந்திருந்தாலும் ஐயரிடம் சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு வா. படி இறங்க அவருக்கு மூச்சு வாங்கும், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. நீயே கையைக் கொடுத்து இறக்கு. வேன் எங்கே மாப்பிள்ளை என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்பார், அவர் சுபாவம் அப்படி. நீ பதிலுக்குச் சிரிக்காதே. "உங்களுக்கு இல்லாத வேன் எனக்கும் வேணாம் மாமா" என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா